தொலைவிடத் தரவுத்தளப் பிரதியாக்கம்: பழுது காணலும் நீக்கலும்

தொலைவிடத் தரவுத்தளப் பிரதியாக்கம் என்பது, ஓர் ஊரிலுள்ள சர்வரின் தரவுத்தளத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வேறோர் ஊரிலுள்ள சர்வர் இணையம் வழியே பெற்று, அதே வரிசையில் தன்னிடமும் நிகழ்த்திக்கொள்ளும் ஏற்பாடு. மாற்றம் முதலில் நிகழும் சர்வர் மூலம் எனப்படும்; அதைப் பின்பற்றும் சர்வர் பிரதி. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் நெடுநாள் வழங்கிவந்த மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்கள் 2020 முதல் சோர்ஸ், ரெப்ளிகா என மாறத் தொடங்கின. பழைய கட்டளைகளையே பேசும் நிர்வாகிகள் இன்றும் ஏராளம்.

ஒரே அறையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சர்வர்களுக்கிடையே பிரதியாக்கம் அநேகமாகத் தொல்லையின்றி ஓடும். நடுவே பொது இணையம் வந்தால் கதை வேறு. தோண்டப்படும் சாலை, மின்வெட்டு, தினமும் மாறும் இணைய முகவரி, மொபைல் கோபுர நெரிசல் எல்லாம் தரவுத்தளத்தின் கவலைகளாகிவிடும். இக்கட்டுரை காஞ்சிபுரம், சென்னை, மும்பை ஆகிய ஊர்களை முன்வைத்து இவ்வகைப் பழுதுகளை விளக்குகிறது.

தேவை

காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக்கடை, சுமார் 75 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை தியாகராய நகரில் அதன் கிளை என்று வைத்துக்கொள்வோம். மளிகைக்கடையில் இருநூறு உப்புப் பாக்கெட்டில் ஒன்று கணக்கில் பிசகினால் யாருக்கும் தெரியாது. கைத்தறிப் பட்டுப்புடவை அப்படியல்ல. உடல் நிறம், பெட்டு (கரை), முந்தி, சரிகை என்று பார்த்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒற்றை உருப்படி. ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதன் இருப்பு ஒன்று அல்லது பூஜ்யம். சென்னையில் 11.02 மணிக்குப் பில் போட்ட புடவை காஞ்சிபுரத்துத் திரையில் 11.10 வரை இருப்பில் தெரிந்தால், அந்த எட்டு நிமிடத்தில் அதை இன்னொருவருக்கு விற்றுவிடலாம். முகூர்த்த மாதத்தில் அப்படி நடந்தால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல எந்த மென்பொருளும் முன்வராது.

தேவை இருக்கும் இடமெல்லாம் பிரதி வேண்டும் என்பதுமில்லை. ரயில்வே முன்பதிவு வேறு வழியில் போனது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களின் தரவுத்தளங்களை 1999இல் கான்சர்ட் என்ற மென்பொருள் இணைத்தது. ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கு ஏதாவது ஒரு மையத்தில்தான் இருக்கும். தமிழ்நாட்டுக் கவுன்ட்டரில் டில்லி மையத்து ரயிலுக்குச் சீட்டுக் கேட்டால், கேள்வி டில்லிக்குப் போய்ப் பதிலோடு திரும்பும். ஒரே இருக்கையை இரண்டு ஊரில் விற்கும் ஆபத்து இதில் கிடையாது. விலை என்னவென்றால், தொடர்பு அறுந்தால் அந்த ரயிலுக்குச் சீட்டும் கிடையாது. ஒற்றை உருப்படி விற்பவர்கள் இந்த வழியையும் ஒருமுறை யோசித்துவிட்டுப் பிரதியாக்கத்துக்கு வருவது நல்லது.

இயங்கும் விதம்

மூலம் தன் மாற்றங்களை ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதுகிறது. மைஎஸ்கியூஎல்லில் அது பைனரி லாக், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் வால் (WAL). மைஎஸ்கியூஎல் பிரதியில் இரண்டு வேலையாட்கள் உண்டு. ஒருவர் மூலத்தின் பதிவேட்டைப் படித்துவந்து உள்ளூரில் சேர்ப்பார். மற்றவர் சேர்ந்ததை எடுத்து அட்டவணைகளில் நிகழ்த்துவார். பழுது காணும்போது முதலில் கேட்க வேண்டியது, இருவரில் யார் நின்றுபோனார் என்பதுதான். முன்னவர் நின்றால் குறை வழியில். பின்னவர் நின்றால் குறை தரவில். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே பாஸ்வேர்டை மாற்றி, சர்வரை அணைத்துப் போட்டு அரை நாளைக் கழிப்பவர்கள் உண்டு.

பிரதி பெற்றுக்கொண்டதா என்று பார்க்காமல் மூலம் தன் வேலையை முடித்துக்கொள்வது ஒத்திசையா முறை. பிரதி ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பது ஒத்திசை முறை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். காஞ்சிபுரம்–சென்னை போய்வர ஒரு மில்லிநொடிகூட ஆகக் கூடாது. ஆனால் செய்தி நேர்வழியில் போவதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் கைமாறி, பல கருவிகளில் காத்திருந்து போகிறது. போய்வர 20 மில்லிநொடி என்று கொண்டால், ஒத்திசை முறையில் ஓர் இணைப்பு ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 50 பரிவர்த்தனைக்கு மேல் முடிக்க முடியாது. ஆகவே ஊர்விட்டு ஊர் போகும் பிரதியாக்கம் பெரும்பாலும் ஒத்திசையா முறையில்தான் அமைகிறது. மூலம் திடீரென அழிந்தால் கடைசிச் சில நொடிகளின் கணக்கு போய்விடும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வழியில் நேரும் பழுதுகள்

சிறு ஊர்களில் முதலில் மோதுவது முகவரிச் சிக்கல். மைஎஸ்கியூஎல்லில் பிரதிதான் மூலத்தைத் தேடிப்போய் இணைகிறது. பல பிராட்பேண்டு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடுக்கிவைக்கின்றன. மூலம் அப்படி ஓர் இணைப்பின் பின்னால் இருந்தால், வெளியிலிருந்து அதைத் தட்டக் கதவே கிடையாது. நிலையான முகவரியைக் காசு கொடுத்து வாங்கலாம். அல்லது மூலம் இருக்கும் பக்கத்திலிருந்தே வயர்கார்டு போன்ற ஒரு சுரங்க இணைப்பை வெளிநோக்கித் தொடங்கி, அதற்குள் பிரதியாக்கத்தை ஓட்டலாம். இரண்டாவது வழியே மேல். மறையீடும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

சுரங்கம் எதற்கு, மைஎஸ்கியூஎல்லின் 3306 அல்லது போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 5432 என்ற வாயிலைத் திறந்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் 2017 ஜனவரியை நினைவில் கொள்ளலாம். கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, மீட்புப்பணம் கேட்கும் குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அழிக்கும் கட்டளையையும் பிரதி பணிவாக நிகழ்த்தும். பிரதி இருக்கிறதே என்று காப்புப்படி எடுக்காமல் இருப்பது இதனால்தான் தவறு.

இணைப்பு கிடைத்த பிறகு வரும் பழுதுகளில் ஏமாற்றுவது, அறுந்தது தெரியாமல் அறுந்த இணைப்பு. இரவில் கடை மூடிய பின் மாற்றம் எதுவும் வராது. நடுவிலுள்ள ரவுட்டர் சும்மாயிருக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இரு முனைகளுக்கும் சொல்லாது. பிரதி செய்திக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸ் தானாகச் சோதித்துப் பார்ப்பது இயல்பு அமைப்பில் 2 மணி நேரத்துக்குப் பிறகுதான். பழைய மைஎஸ்கியூஎல்லில் பிரதி பொறுத்திருக்கும் காலம் 3,600 நொடி, 5.7 பதிப்பில்தான் அது 60 நொடியாகக் குறைக்கப்பட்டது. பழைய பதிப்பு ஓடும் கடையில் காலை பத்து மணிக்குத் திரை நேற்றிரவு இருப்பைக் காட்டினால், முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். மூலத்திலிருந்து நிமிடத்துக்கு இருமுறையாவது ஒரு துடிப்புச் செய்தி போகும்படி வைத்தால் இந்தப் பழுது ஒழியும்.

இன்னொன்று பொட்டல அளவு. பிங் போகிறது, உள்நுழைவு நடக்கிறது, சிறு மாற்றங்கள் வந்து சேர்கின்றன. பெரிய பரிவர்த்தனை ஒன்று வந்ததும் எல்லாம் உறைகிறது. வீட்டு, கடை இணைப்புகளில் பொட்டல வரம்பு பலசமயம் 1,500 பைட் அல்ல, 1,492. வயர்கார்டு சுரங்கத்துக்குள் வழக்கமாக 1,420. பெரிய பொட்டலத்தை மறுக்கும் ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பை ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்தால், அனுப்பியவர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். சுரங்கத்தின் வரம்பைக் கையால் குறைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைக் கடைசியில் செய்வதுதான் வழக்கம்.

ஒரே வட்டின் நகலிலிருந்து இரண்டு பிரதிகளை உருவாக்கினால் இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு பிறக்கும். ஒன்று இணைந்ததும் மூலம் மற்றதை வெளியே தள்ளும்; தள்ளப்பட்டது உடனே திரும்ப வந்து முதலாவதைத் தள்ளும். பதிவேட்டில் இணைப்பு அறுந்தது, இணைந்தது என்று நொடிக்கு நொடி வரி ஓடும். இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

நெடுநாள் அறுந்துகிடந்த பிரதி திரும்பி வரும்போது, தான் விட்ட இடத்துப் பக்கம் மூலத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0 இயல்பாக 30 நாள் பக்கங்களை வைத்திருக்கும். இடம் போதவில்லை என்று அதை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டு, பொங்கல் விடுமுறையில் இணைப்பும் போனால், திரும்பியதும் 1236 என்ற பிழை காத்திருக்கும். அதற்கு மருந்து இல்லை. பிரதியைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. 2014இல் வந்த 9.4 பதிப்பின் ஸ்லாட் வசதி, பிரதி கேட்டு வாங்காத பக்கம் எதையும் மூலம் அழிக்காமல் பார்த்துக்கொள்கிறது. காஞ்சிபுரத்து இணைப்பு பத்து நாள் அறுந்துகிடந்தால் சென்னை சர்வரின் வட்டில் பக்கங்கள் குவிந்து, வட்டு நிரம்பி, மூலமே நின்றுவிடும். தொலைவிலுள்ள ஒரு கம்பி அறுந்ததால் சென்னைக் கிளையில் பில் போட முடியாமல் போகும் விந்தை இது. 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு சேர்ந்தது. இயல்பாக அதில் வரம்பு எதுவும் இருக்காது. நாம்தான் வைக்க வேண்டும்.

பின்தங்கல்

பிரதி எத்தனை நொடி பின்தங்கியுள்ளது என்று மைஎஸ்கியூஎல் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. வந்து சேர்ந்ததை நிகழ்த்துவதில் எவ்வளவு தாமதம் என்பதையே அது சொல்கிறது. வழி அடைபட்டு எதுவுமே வந்து சேரவில்லை என்றால், நிகழ்த்த வேண்டியது ஒன்றுமில்லை என்ற கணக்கில் பூஜ்யம் காட்டும். மூலத்தில் ஒரு சிறு அட்டவணையில் நொடிக்கொருமுறை நேரத்தை எழுதவைத்து, பிரதியில் அந்த நேரம் என்னவாக இருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. அதற்கு இரு சர்வர் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும்.

காரணங்களில் மூன்று அடிக்கடி கண்ணில் படும். புடவைப் படங்களைக் கோப்புறையில் வைக்காமல் தரவுத்தளத்துக்குள்ளேயே வைப்பது ஒன்று. ஒரு புதுச் சரக்கு மூட்டை பதிவானதும் இணைப்பு மணிக்கணக்கில் திணறும். முதன்மைச் சாவி இல்லாத அட்டவணை இரண்டாவது. மூலத்தில் ஒரே கட்டளையில் மாறிய பத்தாயிரம் வரிகளுக்காகப் பிரதி பத்தாயிரம் முறை அட்டவணை முழுவதையும் புரட்ட நேரிடலாம். மூன்றாவது ஊரின் கூட்டம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனத்துக்கு வந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. அப்படியான நாட்களில் மொபைல் இணைப்பை நம்பிப் பிரதியாக்கம் ஓட்டுவது, பிரம்மோற்சவத்தன்று கருட சேவைக்கு எதிரே கார் ஓட்டுவது போலத்தான்.

சத்தமில்லாத விலகல்

நின்றுபோன பிரதி நல்ல பிரதி. குறையைத் தானே சொல்லிவிட்டது. ஓடிக்கொண்டே, மூலத்திலிருந்து மெல்ல விலகிப்போகும் பிரதிதான் ஆபத்து. கோர்வைப் புடவையில் மூன்று நாடா ஓடுகிறது; உடலும் பெட்டும் சேரும் இடத்தில் இழை ஒன்று கோத்துக்கொள்ளாமல் போனால் தறியில் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். உடுத்திய பிறகு பிரியும்.

விலகலின் முதல் அறிகுறி பெரும்பாலும் 1062 அல்லது 1032 என்ற பிழை. முன்னது, சேர்க்கவேண்டிய வரி ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. பின்னது, திருத்தவேண்டிய வரி இல்லை என்கிறது. யாரோ பிரதியில் நேரடியாக எழுதியிருக்கலாம். அல்லது மின்வெட்டில் பிரதி அணைந்தபோது, தான் எந்த இடம்வரை நிகழ்த்தினோம் என்ற குறிப்பு வட்டில் பதியாமல் போய், அதே மாற்றத்தை மறுபடி நிகழ்த்த முயலலாம். இப்பிழைகளைத் தாண்டிச் செல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டினால் பிரதி ஓடத் தொடங்கும், நிர்வாகியும் வீட்டுக்குப் போகலாம். தாண்டப்பட்ட அந்த ஒரு மாற்றம் என்ன என்று பார்க்காமல் தாண்டுவதே பல விலகல்களின் பிறப்பிடம். பிழை வந்தாலும் தானே தாண்டிக்கொள்ளும்படி அமைத்துவைப்பது அதைவிடக் கொடுமை.

தமிழ்த் தரவுக்கென்றே சில பிசகுகள் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மைஎஸ்கியூஎல் பழைய நாளில் யூடிஎஃப்-8 என்று பெயரிட்டது 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழுக்கு அதுவே போதும் என்று பலர் விட்டுவைத்தனர். ஆனால் 2019இல் யூனிகோடு 12.0 சேர்த்த தமிழ்ப் பின்னங்களும் பழைய கணக்குக் குறிகளும் 4 பைட் கேட்பவை. கல்வெட்டுப் பாடங்களைச் சேர்க்கும் தரவுத்தளத்தில் மாவும் காணியும் வரத்தான் செய்யும். மூலம் 4 பைட்டுக்கும் பிரதி 3 பைட்டுக்கும் அமைந்திருந்தால் அந்த வரியில் பிழை வரும், அல்லது எழுத்து கேள்விக்குறியாகும். அதைவிடப் பரவலானது, லத்தீன் எழுத்துக்கென அறிவிக்கப்பட்ட பழைய அட்டவணையில் செயலி தமிழைப் போட்டுவைத்திருப்பது. மூலத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். பிரதிக்கான தொடக்கப் படியை ஏற்றும்போது குறியாக்கம் இருமுறை நடந்து, பழைய நெசவாளர் பெயர்கள் குப்பையாகவும் நேற்றுச் சேர்ந்தவை ஒழுங்காகவும் தோன்றலாம்.

லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சி 2018இல் 2.28 பதிப்பில் எழுத்து வரிசைப்படுத்தும் விதிகளை மாற்றியது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மூலம் பழைய லினக்ஸிலும் பிரதி புதியதிலும் ஓடினால், பழைய வரிசையில் கட்டிய அகரவரிசைக் குறிப்பைப் பிரதி புது வரிசையில் தேடும். இருக்கும் வரியை இல்லை என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு மாற்றில்லை. பெர்கோனா நிறுவனத்தின் கருவி அட்டவணையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டெண் கணக்கிட்டு இரு பக்கமும் சரிபார்க்கிறது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் சிற்றாலயங்களில் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் சிதைந்ததை இன்னோரிடத்தைக் கொண்டு படிக்க முடிகிறது. கல்லில் அது தற்செயல் லாபம். சர்வரில் மாதம் ஒருமுறை வேலையாகச் செய்ய வேண்டியது.

இரண்டு மூலங்கள்

தொடர்பு அறுந்ததும் மூலம் செத்துவிட்டது என்று கருதி, பிரதியை மூலமாக உயர்த்தும் தானியங்கிகள் உண்டு. மூலம் உயிரோடுதான் இருந்தது, வழிதான் அடைபட்டது என்றால் இப்போது இரண்டு மூலங்கள். கிட்ஹப் நிறுவனத்துக்கு 2018 அக்டோபர் 21 அன்று இது நேர்ந்தது. பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும் வேலையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடி மட்டுமே தொடர்பு அறுந்தது. அதற்குள் தானியங்கி மேற்குக் கரைச் சர்வர்களை மூலமாக்கியது. இரு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. 43 நொடிக் குறையைச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆனது. நடுவராக மூன்றாவது ஊரில் ஒரு சிறு சர்வர் வைப்பதும், மூலத்தை உயர்த்தும் முடிவை மனிதரிடம் விடுவதும் சிறு நிறுவனங்களுக்கு ஏற்றவை. இரு பக்கமும் எழுதியே ஆகவேண்டும் என்றால் ஒரு கிளைக்கு ஒற்றைப்படை, மற்றதற்கு இரட்டைப்படை என்று பில் எண்களைப் பிரிக்கலாம். எண்கள் மோதாது. புடவை இருமுறை விற்பதை அது தடுக்காது.

2021 பிப்ரவரி 24

இந்தியாவில் பிரதியாக்கத் தொடர்பு அறுந்து நாடே கவனித்த நிகழ்வு தேசியப் பங்குச் சந்தையில் நேர்ந்தது. அதன் முதன்மை மையம் மும்பையில். தொலைவிடப் பேரிடர் மீட்பு மையம் சென்னையில். இடையில் ஒரு துளித் தரவும் இழக்காதிருக்க, முதன்மைக்கு அருகிலேயே ஓர் அணுக்கப் பேரிடர் மீட்பு மையமும் உண்டு. அன்று இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. வழிநெடுகச் சாலை தோண்டும், கட்டும் வேலைகளைச் சந்தை காரணமாகச் சொன்னது. இணைப்பு போனாலும் முதன்மைச் சேமிப்பகம் தனியே ஓட வேண்டும் என்பதே ஏற்பாடு. அது ஓடவில்லை. இடர் மேலாண்மையும் தீர்வகப் பணிகளும் நின்றன. 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டு, மாலை 3.45க்குத் தொடங்கி 5 மணிவரை நடந்தது.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியதால் இரண்டு வழி கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை என்பது இதில் ஒரு செய்தி. இரு கம்பியும் ஒரே சாலையோரம் போகலாம். இன்னொன்று முக்கியமானது. பிரதி இல்லாமலும் மூலம் ஓடும் என்று காகிதத்தில் இருந்தது நடைமுறையில் பொய்த்தது. மார்ச் 22 அன்று பங்குச் சந்தைகளின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை, முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்கவும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் இயங்கவும் சந்தைகளைக் கேட்டது. அறிவிப்பதற்கே கெடு வைக்க வேண்டியிருந்தது கவனிக்கத்தக்கது. இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்ற தயக்கம் பெரிய இடம், சிறிய இடம் பார்ப்பதில்லை.

புதிதாகக் கட்டுதல்

மற்றதெல்லாம் பலிக்காதபோது பிரதியை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். பழுது நீக்கத்தின் மிக ஆபத்தான கட்டம் இதுவே. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிப்போன பிரதியைக் கட்ட முயன்ற பொறியாளர், பிரதியின் கோப்புறை என்று நினைத்து மூலத்தின் கோப்புறையை அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5. தினசரிக் காப்புப்படிகள் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு படி கைகொடுத்தது. அதற்குப் பின்னான பதிவுகள் போனவை போனவையே. இரு சர்வர்களின் முனையத் திரைகளுக்கும் வேறு வேறு பின்னணி நிறம் வைப்பது, அழிப்பதற்குப் பதில் கோப்புறைப் பெயரை மாற்றுவது ஆகிய இரண்டும் காசு செலவில்லாத காப்பு.

தொடக்கப் படி எடுத்த நொடியில் பதிவேடு எந்த இடத்தில் இருந்தது என்பது படியோடு சேர்ந்து குறிக்கப்பட வேண்டும். அந்த இடத்திலிருந்துதான் பிரதி தொடரும். பிறகு படியைக் கொண்டுசேர்ப்பது. நொடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 500 கிகாபைட் போய்ச்சேர, ஒருமுறைகூட அறுபடாவிட்டாலும், ஏறத்தாழ 56 மணி நேரம் ஆகும். மறையீடு செய்த வட்டைப் பையில் வைத்துச் சென்னையில் பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் காஞ்சிபுரம் பேருந்து நிலையம். வட்டு ஊர் வந்து சேர்ந்து ஏற்றி முடியும்வரையிலான மாற்றங்கள் மூலத்தின் பதிவேட்டில் காத்திருக்கும். அதுவரை அந்தப் பக்கங்களை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.